கடலிலும் வருணாசிரமமா?

2023-ம் வருஷம் ஜூன் மாதம் 18-ந் தேதி ஞாயிற்றுக்கிழமையன்று, அட்லாண்டிக் மகாசமுத்திரத்தில் 'டைட்டன்' என்கின்ற ஒரு சிறு நீர்மூழ்கி ஐந்து பேர்களை ஏற்றிக்கொண்டு, 1912-ல் முழுகிப்போன 'டைட்டானிக்' கப்பலின் சிதைவைப் பார்த்து வருவதற்காக இறங்கிற்று. ஆழம் சுமார் 3,800 மீட்டர். கட்டணம் ஆள் ஒன்றுக்கு 2,50,000 டாலர். இறங்கி இரண்டு மணி நேரம் ஆவதற்குள் மேலே நின்ற கப்பலோடு இருந்த தொடர்பு அறுந்துபோயிற்று. அது முதல் நான்கு நாள் உலகப் பத்திரிகைகளுக்கும் டெலிவிஷன்களுக்கும் வேறு சங்கதியே இல்லை. உள்ளே 96 மணி நேரத்துக்குப் பிராணவாயு உண்டு என்று சொல்லப்பட்டதால், கடிகாரத்தை வைத்துக்கொண்டு மணி மணியாக எண்ணினார்கள். 22-ந் தேதி கடலடியில், டைட்டானிக்கின் முன்பக்கத்திலிருந்து சுமார் 490 மீட்டர் தூரத்தில், நொறுங்கிய துண்டுகளை ஒரு இயந்திரம் கண்டுபிடித்தது. ஐவரும் இறந்துபோனார்கள் என்று அறிவிக்கப்பட்டது.

இப்போது இதை எழுதக் காரணம் என்னவென்றால், அமெரிக்கக் கரையோரக் காவல் படையார் பகிரங்க விசாரணை நடத்தி, 2025-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் தங்கள் அறிக்கையை வெளியிட்டுவிட்டார்கள். ஆகவே, இனி யூகத்தைக் கொண்டு பேச வேண்டியதில்லை. நடந்ததைக் கொண்டே பேசலாம். ஆனாலும் இன்றைக்கும் இந்தப் பேச்சை எடுத்தால் ஜனங்கள் மூன்று விதமாகத்தான் பேசுகின்றார்கள்.

முதலாவது கோஷ்டியார், "அந்தக் கப்பலுக்கே ஒரு சாபம் இருக்கிறது, செத்தவர்கள் கிடக்கும் இடத்தைக் கிளறினால் இப்படித்தான் ஆகும், எல்லாம் அவனவன் தலையெழுத்து" என்கின்றவர்கள். இவர்களை நாம் ஒன்று கேட்கின்றோம். இதே டைட்டன் 2021-லும் 2022-லும் பல தடவை அதே இடத்துக்குப் போய்ப் பத்திரமாகத் திரும்பி வந்ததே, அப்போதெல்லாம் அந்தச் சாபம் தூங்கிக்கொண்டிருந்ததா?

சாபம் ஒன்றுமில்லை. 3,800 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் இடத்தின் மேலும் தண்ணீர் ஏறக்குறைய 390 கிலோ பாரத்தை வைத்து அழுத்துகிறது. அதாவது, ஒரு விரல் நகத்தளவு இடத்தில் ஆறு ஆட்கள் ஏறி நிற்பதற்குச் சமம். இதைத் தாங்க வேண்டி, ஆழ்கடலில் ஆட்களை இறக்குகின்றவர்கள் வழக்கமாக டைட்டேனியத்தாலோ உருக்காலோ உருண்டை வடிவில் அறையைச் செய்து, தங்களுக்குச் சம்பந்தமில்லாத பரிசோதனைச் சங்கத்தாரிடம் காட்டி அத்தாட்சி வாங்குவார்கள். டைட்டன் கம்பெனியாரோ, 5 அங்குல கனத்துக்குக் கார்பன் நாரைச் சுற்றிப் பிசினால் இறுக்கி ஒரு குழாயாகச் செய்து, இரு முனையிலும் டைட்டேனிய மூடியை ஒட்டினார்கள். கார்பன் நார் இழுப்பைத் தாங்குவதில் கெட்டிதான்; ஆனால் நாலு பக்கமும் நசுக்கும்போது அதே கெட்டியைக் காட்டாது. ஒவ்வொரு தடவை இறங்கி ஏறும்போதும் உள்ளே அடுக்குகள் விட்டுப்போகலாம். 2022 ஜூலையில் ஒரு தடவை மேலே வரும்போது பெரிய வெடிச் சத்தமே கேட்டது. அதற்குப் பிறகு, உடம்பின் நிலையை அளக்கும் கருவிகளின் கணக்கும் மாறிப்போயிற்று. அதை அறுத்துப் பார்த்தார்களா? இல்லை. குளிர்காலம் முழுவதும் நியூபவுண்ட்லாந்தில் வெட்டவெளியில் பனியில் போட்டுவைத்து, அடுத்த வருஷம் மறுபடியும் ஆட்களை ஏற்றினார்கள்.

இதற்குப் பெயர் தலையெழுத்தா? ஒரு கட்டடக்காரன் மணலும் சுண்ணாம்பும் சரியாகப் போடாமல் கட்டிய சுவர் இடிந்து நாலு பேர் செத்தால், அந்த நாலு பேர் ஜாதகத்தையா புரட்டுவது? தலைவிதி என்கின்ற சொல்லுக்கு உலகத்தில் ஒரே ஒரு பிரயோஜனம்தான் உண்டு. அது குற்றவாளியைத் தப்பவிடுவதற்கு உதவும்.

இரண்டாவது கோஷ்டியார், "அவர்கள் வீரர்கள், விஞ்ஞானம் வளர வேண்டுமானால் சிலர் உயிரைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்" என்கின்றவர்கள். நமது தோழர்களிலும் சிலர் இப்படிச் சொல்லக் கேட்டு நாம் வருத்தப்பட்டோம். ஏனென்றால், விஞ்ஞானம் என்றால் இயந்திரம் என்று இவர்கள் எண்ணிக்கொண்டிருக்கின்றார்கள். விஞ்ஞானம் என்பது சோதித்துப் பார்க்கும் புத்தியே தவிர, இயந்திரமல்ல. சோதிக்காத இயந்திரத்தை நம்பி ஏறுவதற்கும், எந்திரத் தகட்டை அரைஞாணில் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்குவதற்கும் வித்தியாசம் ஒன்றும் கிடையாது.

இந்தக் கம்பெனியின் தலைவர் ஸ்டாக்டன் ரஷ் என்பவர் படிப்பில்லாதவரல்ல, இன்ஜினீயர். அவரும் அந்த ஐவரில் ஒருவராகவே மாண்டார். 2018-ல் அவரிடத்தில் கடல் வேலைகளுக்கு அதிகாரியாக இருந்த டேவிட் லாக்ரிஜ் என்பவர், இந்த உடம்பு சரியாகப் பரீட்சிக்கப்படவில்லை என்றும், பார்க்கும் கண்ணாடிக்கு 1,300 மீட்டர் ஆழம் வரையில்தான் அத்தாட்சி கிடைக்கும் என்றும் எழுத்து மூலம் சொன்னார். கிடைத்த பலன், வேலை போயிற்று. அதே வருஷத்தில், இந்தத் துறையில் பழகிய முப்பதுக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து, இந்தப் போக்கு பெரும் ஆபத்தில் முடியலாம் என்று ஒரு கடிதம் தயாரித்தார்கள். இவரோ, சட்டதிட்டங்கள் புதுமைக்கு முட்டுக்கட்டை என்று பேசிக்கொண்டிருந்தார். அன்றியும், காசு கொடுத்து ஏறியவர்களைப் 'பிரயாணிகள்' என்று சொன்னால் பிரயாணிக் கப்பலுக்குரிய சட்டம் வந்து பிடித்துக்கொள்ளுமே என்று, அவர்களுக்கு 'பயண நிபுணர்கள்' என்பதாக ஒரு பட்டமும் சூட்டி வைத்தார்.

இந்த நடத்தை நமக்குப் புதியதா? "நம்பு, கேள்வி கேட்காதே, கேட்கின்றவன் வெளியே போ" என்பதைத்தானே புரோகிதன் இரண்டாயிரம் வருஷமாக நமக்குச் சொல்லி வந்தான்? அதைப் பூணூல் போட்டவன் சொன்னால் என்ன, கோட்டுப் போட்டவன் சொன்னால் என்ன? வேலை போய்விடுமோ என்கின்ற பயத்தால் ஆட்கள் வாய் திறக்க முடியாத நிலைமை அந்தக் கம்பெனியில் இருந்தது என்றும், இந்தச் சாவுகள் தடுத்திருக்கக்கூடியவை என்றும் காவல் படையாரின் அறிக்கை சொல்லிவிட்டது. ஆகவே, இது விஞ்ஞானத்துக்குக் கொடுத்த பலியல்ல. விஞ்ஞானத்தைக் கைவிட்டதற்குக் கொடுத்த விலை.

மூன்றாவது கோஷ்டியார் சிரித்தவர்கள். "கொழுப்பெடுத்த பணக்காரன் செத்தால் நமக்கென்ன" என்று பாட்டுக் கட்டியும் படம் போட்டும் பரிகாசம் செய்தார்கள். பணக்காரத் தன்மை ஒழிய வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. ஆனால், மனிதன் மூச்சுத் திணறிச் சாவதைக் கண்டு கைகொட்டுவது சமதர்மமல்ல. அந்த ஐவரில் தகப்பனோடு போன 19 வயதுப் பையன் ஒருவனும் இருந்தான். அவன் எந்தத் தொழிலாளியின் வயிற்றில் அடித்தான்? அவர்களைத் தேடியது தப்பு என்று நாம் ஒருபோதும் சொல்ல மாட்டோம். அமெரிக்கக் காவல் படையார் மீட்பு வேலைக்குக் கூலி வாங்குவதில்லை என்பதைச் சிலர் குறை கூறினார்கள். அதுவும் தப்பு. மீட்புக்குக் கட்டணம் என்று வைத்தால், அதற்குப் பயந்து கூப்பிடாமல் முதலில் சாகின்றவன் ஏழை மீன்பிடிகாரனாகத்தான் இருப்பான்.

நமது ஆட்சேபம் வேறு. இந்த ஐவர் இறங்குவதற்கு நான்கே நாட்கள் முன்பு, அதாவது அதே ஜூன் மாதம் 14-ந் தேதி, கிரீஸ் தேசத்தின் பைலோஸ் பக்கத்தில் 'ஏட்ரியானா' என்கின்ற மீன்பிடிப் படகு ஒன்று கவிழ்ந்தது. லிபியாவிலிருந்து இத்தாலிக்குப் போக வேண்டி அதில் ஏறியிருந்தவர்கள் 750 பேர் வரையில் என்று கணக்கிடப்பட்டது. எகிப்தியர், சிரியர், பாலஸ்தீனர், பாகிஸ்தானியர். சண்டைக்கும் பட்டினிக்கும் தப்பி, கடன் வாங்கிக் காசு கொடுத்துப் போனவர்கள். பிழைத்தவர்கள் 104 பேர். கிடைத்த பிரேதங்கள் 82. மற்றவர்கள் எல்லோரும் கடலோடு போனார்கள். பெண்டு பிள்ளைகள் அடித்தட்டில் அடைபட்டிருந்தார்கள். பிழைத்தவர்களில் ஒரு பெண்கூட இல்லை.

தோழர்களே! இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்து பேர் இருக்கும் இடம் தெரியாது. நாலு கிலோமீட்டர் ஆழத்தில் தேடினார்கள். அமெரிக்கக் கப்பல், கனடா விமானம், பிரான்ஸ் தேசத்து ஆழ்கடல் இயந்திரம் எல்லாம் வந்தன. 750 பேர் இருக்கும் இடமோ முதல் நாளே தெரியும். ஐரோப்பிய எல்லைக் காவல் விமானம் பார்த்தது. வியாபாரக் கப்பல்கள் அருகில் போய்த் தண்ணீர் கொடுத்தன. கிரேக்கக் காவல் கப்பல் பக்கத்தில் நிற்கும்போதே, நடுநிசிக்குப் பிறகு படகு கவிழ்ந்தது. "அவர்கள் உதவி வேண்டாம் என்றார்கள்" என்பது அதிகாரிகளின் சமாதானம். சரி, கழுத்து மட்டும் ஆட்களை அடைத்த படகு, உயிர்காப்பு மிதவை இல்லாமல் தத்தளிக்கும்போது, "வேண்டாம்" என்று யாரோ ஒருவன் சொன்னால் அது 750 பேர் சம்மதமாகுமா? கயிறு கட்டி இழுத்ததால்தான் கவிழ்ந்தது என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள், அதிகாரிகள் மறுத்தார்கள். முதலில் பிழைத்தவர்களிலேயே ஒன்பது எகிப்தியரைப் பிடித்து ஏறக்குறைய ஒரு வருஷம் சிறையில் வைத்து, 2024 மே மாதத்தில் தனக்கு அதிகாரமில்லை என்று கோர்ட்டு விட்டுவிட்டது. 2025 மே மாதத்தில்தான் காவல் படையைச் சேர்ந்த 17 பேர் மேல் குற்றம் சாட்டப்பட்டது.

இதில் இன்னொரு வேடிக்கை. நீர்மூழ்கியில் போன தகப்பனும் மகனும் பாகிஸ்தானத்துப் பெரிய செல்வர் குடும்பம். படகில் போன பாகிஸ்தானியர் நூற்றுக்கணக்கானவர்கள். ஒரே தேசம், ஒரே மதம், ஒரே வேதம், ஒரே ஆண்டவன். ஆனால் ஒருவர் பெயரும் படமும் உலகத்துக்கே மனப்பாடம். மற்றவர்கள் பெயர் அவரவர் தாய்மார்களுக்கு மட்டுமே தெரியும். மதம் சமத்துவம் கொடுக்கும் என்கின்றவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்? அந்தப் படகிலும் பாகிஸ்தானியரைக் கீழ்த்தட்டுக்குத் தள்ளினார்கள் என்று பிழைத்தவர்கள் சொல்லியிருக்கின்றார்கள். டைட்டானிக்கிலும் இதே கதைதான். முதல் வகுப்பில் 100-க்கு 60 பேருக்கு மேல் பிழைத்தார்கள். மூன்றாம் வகுப்பில் 100-க்கு 25 பேர்தான். கடல் ஒரே கடல்தான்; உப்பும் ஒரே உப்புதான். அதற்கு மேலே நின்ற மனிதன்தான் வருணம் பிரித்தான்.

நிற்க, அந்த நான்கு நாளும் உலகமெங்கும் பிரார்த்தனை நடந்தது. துக்கத்தில் இருக்கும் குடும்பத்தார் பிரார்த்திக்கச் சொன்னதை நாம் பரிகசிக்கவில்லை. ஆனால், கனடா விமானம் கேட்ட ஏதோ தட்டும் சத்தத்தை, "அதோ உயிரோடு தட்டுகின்றார்கள், பிரார்த்தனை பலித்தது" என்று லட்சக்கணக்கானவர்கள் நம்பினார்கள். உண்மை என்ன? முதல் நாளே நீர்மூழ்கி நொறுங்கி ஐவரும் மாண்டுவிட்டார்கள். அமெரிக்கக் கடற்படையின் காது கேட்கும் கருவி அந்தச் சத்தத்தை அன்றே பதிந்து வைத்திருந்தது. அது நிச்சயமில்லையாதலால் தேடுவதை நிறுத்தவில்லை, அதுவே நியாயமும்கூட. கண்ணால் காணும் வரை முடிவு கட்டாதே, ஆசைப்பட்டதைக் கேட்டதாகவும் நினைக்காதே என்பதே இதிலுள்ள பாடம்.

டைட்டானிக்கில் ஏறக்குறைய 2,200 பேர் இருந்தும், 1,178 பேருக்கே படகு இருந்தது. 1,500 பேர் செத்த பிறகு, எல்லோருக்கும் படகு வேண்டும் என்று 1914-ல் பல தேசத்தார் கூடி ஒப்பந்தம் செய்தார்கள். அந்தச் சட்டத்தை எந்தத் தேவனும் இறக்கித் தரவில்லை. செத்தவர்களைப் பார்த்து வெட்கப்பட்ட மனிதன் எழுதினான். ஆகவே, இன்றைக்கும் மனிதன்தான் எழுத வேண்டும். அன்னியர் பரிசோதித்து அத்தாட்சி தராத எந்தக் கலத்திலும், எந்தப் பட்டத்தின் பேராலும், காசு வாங்கி ஆளை ஏற்றக்கூடாது. ஆபத்தை எடுத்துச் சொல்லும் வேலைக்காரனுக்கு வேலை போகக்கூடாது. கடலில் தவிக்கின்றவனிடம் பாஸ்போர்ட்டும் பணப்பையும் கேட்காமல் முதலில் தூக்கிக் கரையில் விட வேண்டும். விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அந்த ஐவருக்குச் செய்ததில் ஒரு கப்பலையும் குறைக்கச் சொல்லவில்லை. அதே கப்பல்கள் அந்த 750 பேருக்கும் ஏன் வரவில்லை என்பதுதான் நமது கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் அனுதாபம், வீரம், விதி என்று பேசுவதெல்லாம் வெறும் பித்தலாட்டமேயாகும் என்பதே நமது அபிப்பிராயம்.