சுபம் யாருக்கு?

காதல் நாவலுக்கு ஒரு சத்தியம் உண்டு. கடைசிப் பக்கத்தில் இருவரும் சேர்ந்துவிடுவார்கள். நடுவில் எத்தனை சண்டை, எத்தனை கண்ணீர் வந்தாலும் வாசகர் தைரியமாகப் பக்கத்தைப் புரட்டுவது இந்தச் சத்தியத்தை நம்பித்தான். 'எல்லாம் சுபமாகவே முடியும், இதெல்லாம் ஒரு இலக்கியமா?' என்று கேலி செய்பவர்கள் நிறைய. சுபமாக முடிவதில் ஒரு தப்பும் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்தச் சுபம் யாருக்குக் கிடைக்கிறது? யாருக்குக் கிடைப்பதே இல்லை?

இந்தியக் குடும்பம், இந்தியக் கல்யாணம், இந்திய அம்மா என்று நம் ஊர் வாசனையோடு ஆங்கிலத்தில் வந்து சக்கைப்போடு போட்ட நாவல்களையே பார்ப்போம்.

2009ல் வந்த சேத்தன் பகத்தின் '2 ஸ்டேட்ஸ்'. டெல்லி பஞ்சாபிப் பையன், மயிலாப்பூர் பிராமணப் பெண். அகமதாபாத் ஐ.ஐ.எம்மில் படிக்கும்போது காதல். இரண்டு வீட்டிலும் எதிர்ப்பு. பையன் என்ன செய்கிறான்? பெண்ணின் தம்பிக்கு டியூஷன் எடுக்கிறான், அப்பாவுக்குப் பவர்பாயிண்ட் செய்ய உதவுகிறான், அம்மாவுக்கு மேடையில் பாட வாய்ப்பு வாங்கித் தருகிறான். அந்தப் பக்கம், பையன் வீட்டுச் சொந்தத்தில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் பெரிய கார் கேட்டு அடம் பிடிக்கிறார்கள். கதாநாயகி பேசியே அதைத் தீர்த்து வைத்து நல்ல பெயர் வாங்கிவிடுகிறாள். வரதட்சணை ஒழிய ஒரு நல்ல பேச்சு போதும் என்றால் 1961லேயே ஒரு தடைச் சட்டம் எதற்கு வந்தது?

2017ல் வந்த சந்தியா மேனனின் 'வென் டிம்பிள் மெட் ரிஷி'. அமெரிக்காவில் வளரும் இரண்டு பிள்ளைகள். இங்கே எதிர்ப்பே கிடையாது. பெற்றவர்கள் ஏற்கெனவே பேசி வைத்துவிட்டார்கள். பெண்ணுக்கு மட்டும் சொல்லவில்லை. கடைசியில் பிள்ளைகள் தாங்களாகவே காதலித்து, பெற்றவர்கள் கணக்கை டேலி செய்துவிடுகிறார்கள்!

இரண்டுமே சுவாரஸ்யமான புத்தகங்கள்தான். ஆனால் இரண்டிலும் பெற்றவர்களின் எதிர்ப்பு என்பது கொஞ்சம் சிரித்துப் பேசினால் திறந்துகொள்ளும் பூட்டு. மொழி, சாப்பாடு, 'எங்க வீட்டுப் பழக்கம்' என்று எல்லாமே சமாளிக்கக்கூடிய விஷயங்கள். சமாளிக்க முடியாத ஒன்றும் நம் ஊரில் இருக்கிறது. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்துக்கு அருகே, ஜாதி மாறித் திருமணம் செய்த ஒரு பொறியியல் மாணவர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். மனைவி வெட்டுக்காயங்களோடு பிழைத்தார். அந்தப் பெண்ணின் வீட்டில் யாருக்குப் பவர்பாயிண்ட் செய்து கொடுத்திருந்தால் அந்தக் காதல் ஜெயித்திருக்கும்?

அப்படிப்பட்ட காதலை யாருமே எழுதவில்லையா? எழுதியிருக்கிறார்கள். பெருமாள்முருகனின் 'பூக்குழி' 2013ல் வந்தது. ஜாதி மாறிக் கட்டிய பெண்ணை சொந்த ஊருக்கு அழைத்து வருகிறான் ஒருவன். கதை எங்கே போய் நிற்கும் என்பது தலைப்பிலேயே தெரிந்துவிடும். அதே சேத்தன் பகத் 2018ல் 'தி கேர்ள் இன் ரூம் 105' எழுதினார். அதில் இந்துப் பையன், காஷ்மீர் முஸ்லிம் பெண். '2 ஸ்டேட்ஸ்' ஜோடிக்குக் கல்யாணமும் குழந்தைகளும் கிடைத்தன. இந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது கொலை. காதல் கதை துப்பறியும் கதையாகிவிடுகிறது.

ஆக, பங்கீடு தெளிவாக இருக்கிறது. வீட்டார் எப்படியும் சமாதானமாகிவிடக்கூடிய ஜோடிக்குக் காதல் நாவல். மற்ற ஜோடிக்கு ஒப்பாரி. வாழ்க்கையில்தான் அவர்களைச் சேர விடுவதில்லை என்றால், கற்பனையிலுமா?

'காதல் நாவல் ஒரு கனவு. களைத்து வந்து படிப்பவர்களிடம் ஜாதியைப் பேசி ஏன் கெடுக்க வேண்டும்?' என்பார்கள். கனமான விஷயத்தைத் தூக்கினால் காதல் நாவல் உடைந்துவிடாது. சோனாலி தேவ் 2014ல் எழுதிய 'எ பாலிவுட் அஃபேர்' நாவலின் நாயகி 4 வயதில் கல்யாணம் செய்து வைக்கப்பட்டவள். 20 வருடம் கழித்தும் முகம் தெரியாத கணவனுக்காகக் காத்திருக்கிறாள். குழந்தைத் திருமணத்தை நடுவில் வைத்துக்கொண்டே அந்தக் கதை சிரிக்க வைக்கிறது, ஏங்க வைக்கிறது, சுபமாகவும் முடிகிறது. அதற்கு முடிந்தது ஜாதிக்கு முடியாதா?

'நடக்காததை எழுதினால் பொய்யாகாதா?' என்பது அடுத்த கேள்வி. நடக்கிறது சாமி! 2011-12ல் எடுத்த இந்திய மனித மேம்பாட்டு ஆய்வின்படி சுமார் 5 சதவீதத் திருமணங்கள் ஜாதி கடந்தவை. வெட்கப்பட வேண்டிய அளவுக்குச் சின்ன எண்தான். ஆனால் இவ்வளவு பெரிய நாட்டில் 5 சதவீதம் என்பது லட்சக்கணக்கான குடும்பங்கள். அவர்கள் சமைக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். அவர்களுக்கான காதல் நாவல் மட்டும் கடையில் இல்லை. தேவை இருக்கிறது, சரக்கு இல்லை.

சஸ்பென்ஸுக்குப் பஞ்சமா? 1954ஆம் வருடச் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணக்க விரும்பினால் அறிவிப்பை அலுவலகத்தில் ஒட்டி 30 நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் வீட்டுக்குத் தெரிந்துவிட்டால்? எந்தக் காபி ஷாப் மனஸ்தாபத்தையும் விட இந்த 30 நாளில் கதை அதிகம். தமிழ்நாட்டில் சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967லேயே சட்டம் உண்டு. புரோகிதர் வேண்டாம், மாலை மாற்றினால் போதும். வக்கீல்கள் முன்னின்று நடத்தும் சுயமரியாதைத் திருமணமும் செல்லும் என்று 2023ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

ஒரு சின்ன அறை. இரண்டு மாலை. ஓயாமல் அடிக்கும் போன். வாசலைப் பார்த்தபடி நிற்கும் நான்கு நண்பர்கள். அந்த ஜோடி உயிரோடு வெளியே வந்து, பஸ் ஏறி, ஒரு வாடகை வீட்டில் பால் காய்ச்சும் கதையை யாராவது எழுத வேண்டும். கடைசிப் பக்கத்தில் 'சுபம்' என்று கட்டாயம் போட வேண்டும்.