தூக்க மாத்திரை சிகிச்சை ஆகாது

வெள்ளம், சாலை விபத்து, பாலியல் வன்கொடுமை, சாதி வன்முறை என நேர்ந்தது எதுவாயினும், உயிர் தப்பியவர்களில் பலருக்குக் கிடைப்பது நிவாரணத் தொகை, ஒருநாள் கவுன்சலிங், சில தூக்க மாத்திரைகள். இதையே மனநலச் சிகிச்சை என்று கணக்கில் எழுதுவது ஆபத்தானது.

உலக சுகாதார நிறுவனம் 2013-இலேயே எச்சரித்துவிட்டது. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய முதல் மாதத்தில், அதன் அறிகுறிகளைக் குறைக்க பென்சோடயசெபின் வகைத் தூக்க மாத்திரைகளைத் தரக் கூடாது. அவை மீட்சியைத் தாமதப்படுத்தக்கூடும். நடந்ததை ஒரே அமர்வில் கொட்டித் தீர்க்கச் செய்வதும் பலன் தராது.

குடும்பமும் ஊரும் துணை நின்றால் பலர் தாமாகவே தேறிவிடுவர். ஒரு மாதம் கடந்தும் கொடுங்கனவும் திடுக்கிடலும் அச்சமும் விலகாதவர்களுக்குச் சிகிச்சை தேவை. அதிர்ச்சியை மையப்படுத்திய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, கண் அசைவைப் பயன்படுத்தும் இஎம்டிஆர் ஆகிய இரண்டையும் அந்நிறுவனம் பரிந்துரைக்கிறது. முதல் வகையில், பேருந்து விபத்தில் தப்பியவர் நடந்ததைச் சிகிச்சையாளர் முன் பலமுறை விவரிக்கிறார். பிறகு நிறுத்தம்வரை சென்று நிற்கிறார். துணையுடன் ஒரு நிறுத்தத் தூரம் பயணிக்கிறார். பின்னர் தனியே ஏறுகிறார். வாரம் ஓர் அமர்வு என்றால் இதற்கு இரண்டு, மூன்று மாதங்கள் பிடிக்கும். காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் அதே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது சிகிச்சை அல்ல; அது மற்றொரு காயம்.

இந்த முறைகளில் பயிற்சி பெற்றவர்கள் போதுமான அளவில் இல்லை. கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவில் சில நிமிடங்களில் மாத்திரை எழுதலாம். ஒரு மணி நேர அமர்வு நடத்த இயலாது. நிவாரண முகாம் முடிந்ததும் ஆலோசகர்கள் கிளம்பிவிடுகிறார்கள். தொடர்ந்து கவனிக்க எவருக்கும் பொறுப்பு இல்லை.

சட்டத்தில் குறை இல்லை. அரசு மனநலச் சேவையைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. அந்த உரிமைக்குப் பணியிடமும் நிதியும் ஒதுக்க வேண்டியவை மாநில சுகாதார நிர்வாகங்கள். ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் பயிற்சி பெற்ற உளவியலாளர்கள் நிரந்தரமாக நியமிக்கப்பட வேண்டும். பேரிடர் நிவாரணத் திட்டத்தில் ஓராண்டுத் தொடர் கண்காணிப்பு இடம்பெற வேண்டும். எத்தனை பேருக்குக் கவுன்சலிங் தரப்பட்டது என்பதல்ல, எத்தனை பேர் சிகிச்சையை முடித்தார்கள் என்பதே கணக்காக வேண்டும்.

உதவி தேவைப்படுவோர் 14416 என்ற இலவச எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.