மின்சாரக் கார் மலையேறாதா?

கண்டியில் மின்சாரக் கார் வாங்கப் போகிறேன் என்று வாய் திறந்தால் போதும், ஆளுக்கொரு புத்திமதி வரும். டவுனுக்குள் ஓடலாம், தூரப் பயணத்துக்குச் சரிவராது, ஏற்றம் பற்றரியைக் குடித்துவிடும் என்பார்கள். சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. 2014, 2015 காலத்தில் ஜப்பானிலிருந்து வந்து குவிந்த பழைய நிசான் லீஃப் கார்களை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். ஒரு காரின் குறையை எல்லாக் கார்களின் தலையிலும் கட்டுவதைத்தான் மறுக்கிறேன்.

முதலில் ஏற்றம். கண்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர், நுவரெலியா 1,868. கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக 77 கிலோமீற்றருக்குள் ஏறத்தாழ 1,370 மீற்றர் ஏறவேண்டும். ஆட்களோடு 1,900 கிலோ வரும் காரை அந்த உயரத்துக்குத் தூக்க 7 யூனிட் மின்சாரம் வேண்டும். மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால் 8. சக்கரம் உருளவும் காற்றைத் தள்ளவும் ஏசி ஓடவும் இன்னும் 10, 11 யூனிட். 24 யூனிட் பற்றரியோடு வந்து, தேய்ந்து 16க்கு இறங்கிவிட்ட லீஃப்பை நம்பி நுவரெலியாவுக்குக் கிளம்ப முடியாதுதான். ஆனால் 60 யூனிட் பற்றரியுள்ள பிவைடி அட்டோ 3க்கு இது மூன்றில் ஒரு பங்கும் இல்லை.

புத்திமதி சொல்பவர்கள் இறக்கத்தை மறந்தே போகிறார்கள். றம்பொடை வளைவுகளில் இறங்கும்போது மோட்டாரே மின்பிறப்பாக்கியாக மாறி, ஏற்றத்துக்குச் செலவானதில் ஒரு பகுதியைப் பற்றரிக்குத் திருப்பித் தருகிறது. பெற்றோல் காருக்கு அந்த இறக்கத்தில் எதுவும் திரும்பி வராது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நுவரெலியாவில் 100 வீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள். நிறைந்த பற்றரியில் மின்சாரத்துக்கு இடமில்லை, பிரேக்கைத்தான் மிதிக்கவேண்டி வரும். 80 வீதம் தாராளம்.

அடுத்தது, கம்பனி சொல்லும் தூரம் ஓடாது என்ற பேச்சு. 120, 130 வேகத்தில் நெடுஞ்சாலையில் பறந்து, பனிக்காலத்தில் ஹீட்டரும் போடும் ஐரோப்பாவில் அது சரி. இங்கே அதிவேக வீதிகளைத் தவிர்த்தால், நகருக்கு வெளியே காருக்குச் சட்டம் அனுமதிக்கும் வேகமே 70. வேகம் குறைந்தால் காற்றுத் தடை வெகுவாகக் குறையும். கண்டியிலிருந்து ஏ-9 வீதியால் யாழ்ப்பாணம் சுமார் 320 கிலோமீற்றர். நூறு கிலோமீற்றருக்கு 15 யூனிட் என்றால் 48 யூனிட். கணக்குப்படி ஒரே சார்ஜில் போய்விடலாம். ஆனாலும் அப்படிப் போகும்படி யாருக்கும் சொல்லமாட்டேன். தம்புள்ளைப் பக்கமோ வவுனியாப் பக்கமோ சாப்பிட நிற்கும் நேரத்தில் கொஞ்சம் ஏற்றிக்கொள்வதே நிம்மதி. அந்த சார்ஜர் வேலை செய்கிறதா என்று புறப்படுமுன் போன் போட்டுக் கேட்டுவிடவேண்டும். யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீட்டு 13 அம்பியர் சொக்கெட்டே ஓர் இரவில் 20 யூனிட் தந்துவிடும்.

சார்ஜ் ஏற்ற இடமில்லை என்பதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி, கார் வாங்கும் அன்றே தீர்மானமாகிவிடும். ஜப்பானியக் கார்களில் சாடெமோ முனை, சீன உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த கார்களில் ஜிபி/டி, ஏற்றுமதிக்கென்று செய்த பெரும்பாலான புதுக் கார்களில் சிசிஎஸ்2. முனை பொருந்தாவிட்டால் சார்ஜர் பக்கத்திலேயே இருந்தும் பயனில்லை. தூரம் ஓடுகிறவர் எத்தனை கிலோமீற்றர் என்று கேட்குமுன் இதைக் கேட்கவேண்டும். பற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் உண்டா என்றும் கேட்கவேண்டும். அந்தப் பழைய லீஃப்பில் அது இல்லை. அதனால்தான் வன்னி வெயிலில் ஓடி, வேகமாகச் சார்ஜ் ஏற்றி, மறுபடி ஓடினால் பற்றரி சூடேறி, அடுத்த சார்ஜ் மெதுவாகிறது.

மின்வெட்டு வந்தால் என்ன செய்வது என்று கேட்பவர்கள் 2022ஐ நினைத்துப் பார்க்கட்டும். மார்ச் இறுதியில் 13 மணி நேர மின்வெட்டு இருந்தது, உண்மை. மிச்சம் 11 மணி நேரம் வீட்டில் மின்சாரம் இருந்தது. பெற்றோல் செட்டில் நாட்கணக்கில் வரிசையில் கிடந்தவர்களுக்கு அந்த உத்தரவாதம்கூட இருக்கவில்லை.

ஒரு சாராருக்கு மட்டும் நானும் வேண்டாம் என்றே சொல்வேன். கண்டியில் எத்தனையோ வீடுகள் சரிவில் இருக்கின்றன. காரை மேலே தெருவோரத்தில் விட்டுவிட்டுப் படியிறங்கிப் போகவேண்டும். அங்கே வயர் இழுக்க வழியில்லை, வாடகை வீடென்றால் உரிமையாளரும் சம்மதிக்கமாட்டார். இரவில் சொந்த இடத்தில் சார்ஜ் ஏற்ற முடியாதவர்கள் இப்போதைக்கு ஹைபிரிட் வாங்குவதே நல்லது. அதற்குக் காரணம் மலை அல்ல, காரை நிறுத்துமிடம்.