யார் தலையில் விழுகிறது இந்தப் பில்?

இன்றைய ஆஃப்-ரோடு வண்டிகள் பழைய ஜீப்புகளைவிட நீண்ட நாள் உழைக்கும், பராமரிப்புச் செலவும் குறைவு, மறுப்பவர்கள் கிரீஸ் வாசனைக்கு ஏங்கும் பழமைவாதிகள் என்று சென்ற இதழில் தீர்ப்பெழுதியிருக்கிறார் கட்டுரையாளர். 3 வருடம் ஓடிய வண்டியைக் காட்டி 15 வருடத்துக்குச் சான்றிதழ் வழங்கும் துணிச்சல் அவருக்கு எங்கிருந்து வந்தது? வாரன்டி முடியாத வண்டியின் பழுதுச் செலவைக் கம்பெனி சுமக்கிறது. உரிமையாளர் கையிலிருந்து அது போகத் தொடங்கும் இடம் எதுவோ, அதற்கு ஓரடி முன்பாகவே கட்டுரை முடிந்துவிடுகிறது.

முதல் வாதம், புதிய வண்டி பட்டறைக்குப் போவது குறைவு என்பது. குறைவுதான், துருவைத் தாங்கும் தகட்டையும் விபத்தில் உயிர் காக்கும் உடற்கூட்டையும் மறுக்க நான் வரவில்லை. ஆனால் எத்தனை தடவை போனோம் என்ற எண்ணிக்கையை எவ்வளவு கட்டினோம் என்ற தொகைக்குப் பதிலாக வைப்பது எந்த ஊர்க் கணக்கு? சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் பழைய ஜீப்பில் ஆயில் சீல் போனால் சீலை மாற்றுவார்கள், பேரிங் தேய்ந்தால் பேரிங்கை மாற்றுவார்கள். புதிய வண்டியிலோ, கட்டைவிரல் அளவுப் பாகம் கெட்டாலும் “அது தனியா வராது சார், அசெம்பிளியாத்தான் போடணும்” என்ற பதில் தயாராக இருக்கிறது. சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் உண்டா? 1,600 பார் அளவு அழுத்தத்தில் வேலை செய்யும் காமன்ரெயில் இன்ஜெக்டரை, டீசலில் கலந்த கொஞ்சம் தண்ணீரே காவு வாங்கிவிடும் என்பதைப் பட்டறைப் பையன்கூட அறிவான். கட்டுரையாளர் அறியாதவரா, அல்லது சொல்ல விரும்பாதவரா?

இரண்டாவது வாதம் இன்னும் மோசம். டீசல் வண்டியின் புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் அடைத்துக்கொண்டால் குற்றம் ஓட்டுபவருடையதாம்; நெடுஞ்சாலையில் சீராக ஓட்டியிருந்தால் கரி தானே எரிந்திருக்குமாம். அந்தக் கரியை எரிக்க ஏறத்தாழ 600 டிகிரி வெப்பம் வேண்டும் என்பதும், முதல் கியரில் ஊர்ந்து பாறை ஏறும் வண்டியில் அது எளிதில் வராது என்பதும் சரி. அப்படியானால் காட்டுப்பாதைக்கென்று விற்ற வண்டியைக் காட்டுப்பாதையில் ஓட்டியதுதான் வாங்கியவர் செய்த தவறா? நெடுஞ்சாலையில் ஓட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் நம்பத்தக்கதல்ல. ஆஸ்திரேலியாவில் 2015 அக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை விற்ற டொயோட்டா ஹைலக்ஸ், பிராடோ, ஃபார்ச்சூனர் டீசல் வண்டிகள், 2.6 லட்சத்துக்கும் மேற்பட்டவை, வழக்குக்குள் வந்தன. 2022இல் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் அவற்றின் டிபிஎஃப் அமைப்பில் குறைபாடு உண்டு என்று தீர்ப்பளித்தது. எப்படி ஓட்டினால் அது தலைகாட்டியது தெரியுமா? மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வேகத்தில் தொடர்ந்து சீராக ஓட்டினால்! மேல்முறையீட்டில் இழப்பீட்டின் விழுக்காடு குறைந்தது. குறைபாடு உண்டு என்ற முடிவு நின்றது. மெதுவாக ஓட்டினாலும் ஓட்டுபவர் குற்றம், வேகமாக ஓட்டினாலும் அவர் குற்றம் என்றால், தயாரித்தவர் குற்றம் செய்யவே முடியாத இந்தத் தர்க்கத்துக்கு என்ன பெயர்?

மூன்றாவதாக, பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு சிக்கலான இயந்திரம் தவிர்க்க முடியாதது என்கிறார். இரண்டு பக்கம் முன்பு அந்தச் சிக்கலையே வளர்ச்சி என்று புகழ்ந்தவர், இங்கே அதைக் கட்டாயம் என்று மன்னிக்கக் கேட்கிறார். 2023இல் இந்தியச் சந்தைக்கு வந்த ஜிம்னியை அவர் பார்க்கவில்லையா? ஏணிச் சட்டகம், முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்சில், கையால் இழுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் லிவர், டர்போ இல்லாத 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். அதே சட்டம், அதே நாடு. எளிமையைச் சட்டம் தடுக்கவில்லை என்பதற்கு இன்னும் என்ன சாட்சி வேண்டும்?

நான்காவது, 10,000 கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ், அவ்வளவுதான் செலவு என்பது. ஓடையில் ஒருமுறை இறங்கிப் பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார். ஓடிச் சூடேறிய டிஃபரன்ஷியல் குளிர்ந்த நீரில் முங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கும். ப்ரீதரோ சீலோ கொஞ்சம் தளர்ந்திருந்தால் அதன் வழியே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். போல்ட்டைக் கழற்றினால் கியர் ஆயில் பால் நிறத்தில் வழியும். அதை அன்றே மாற்றாமல் 10,000 கிலோமீட்டருக்குக் காத்திருந்தால் கிரவுன், பினியன், பேரிங் மூன்றும் போகும். ஒரு கல் தெறித்துச் சக்கரத்தின் ஏபிஎஸ் சென்சார் வயர் அறுந்தால், ஏபிஎஸ், ஈஎஸ்பி, ஹில் ஹோல்ட் என்று விளக்குகள் வரிசையாக எரியும். எந்த மின்னணு உதவியை நம்பி மலையேறினோமோ, அது மலையிலேயே கைவிடும்.

இவ்வளவையும் ஏன் மறைக்க வேண்டும்? 4 வருடத்தில் வண்டியை விற்றுவிட்டு அடுத்ததற்கு மாறுகிறவரின் கணக்கு இது. அவர் கட்டாத பில், அந்த வண்டியைக் கடன் வாங்கி எடுக்கும் மலையடிவாரத்து டிரைவரின் தலையில் விழுகிறது. தெருமுனை மெக்கானிக்கிடம் போனால் ஸ்கேனர் இல்லை, பாகம் கிடைக்காது. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிச் சந்தைக்குத் தராமல் தடுத்ததற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்ததே, அதெல்லாம் கிரீஸ் வாசனைக்கு ஏங்கியவர்களின் கற்பனையா?

விவாதத்தைத் தொடர அவருக்கு விருப்பமிருந்தால், வழி எளிது. 6ஆம் வருடத்திலிருந்து 10ஆம் வருடம் வரை ஒரே வண்டிக்குக் கட்டிய பில்களை மேசையில் வைக்கட்டும். அந்த வண்டியின் இரண்டாவது உரிமையாளரையும் பேச விடட்டும். தானும் நிலைத்து, தன்னைப் பழுதுபார்க்கச் சாதாரணக் கைகளையும் அனுமதிக்கும் வண்டியே நம்பகமான வண்டி. அந்தத் தேர்வில் தோற்பதை வளர்ச்சி என்று வாசகர்களிடம் விற்க இனி யாரும் வர வேண்டாம்.