ஃபார்மட் கோஷ்டிக்கு ஒரு கும்பிடு

கம்ப்யூட்டர்ல என்ன கோளாறுன்னாலும் நம்ம ஊர்ல ஒரே மருந்துதான். "ஃபார்மட் அடிச்சிடலாம் சார்!" பிரிண்டர் வரலையா, ஃபார்மட். சத்தம் கேக்கலையா, ஃபார்மட். 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தினதும் இந்த கோஷ்டிக்கு ஒரே கொண்டாட்டம். அப்கிரேட் பண்ணா பழைய குப்பை தங்கிடுமாம், புதுசா போட்டாத்தான் சுத்தமாம். விவரம் தெரிஞ்ச நம்ம பதிவர்களே இதைச் சொல்றப்பதான் தாங்கலை.

இந்த நம்பிக்கை எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியும். விண்டோஸ் 98, எம்.இ. காலத்துல அப்கிரேட்னா பழைய ஃபைல்கள் மேலயே புதுசைக் கொட்டுறதுதான். சுரண்டாத சுவத்துக்கு வெள்ளையடிச்ச மாதிரி, சீக்கிரமே உதிரும். ஆனா 2007-ல வந்த விஸ்டாவிலிருந்து முறையே மாறிப்போச்சு மக்களே. புது விண்டோஸ் முழுசா ஒரு இமேஜா வந்து இறங்குது. பழசு 'விண்டோஸ்.ஓல்ட்'ங்கிற ஃபோல்டருக்குள்ள போயிடுது. உங்க ஃபைல்கள், புரோகிராம்கள், செட்டிங்ஸ் எல்லாம் புது வீட்டுக்குக் குடிவருது. 10-லேருந்து 11-க்குப் போய்ப் பிடிக்கலைன்னா 10 நாளுக்குள்ள பழசுக்கே திரும்பிக்கலாம். ஃபார்மட் அடிச்சா அந்த வசதி உண்டா?

எனக்கு ஏன் இவ்வளவு கோவம்னு கேக்கலாம். அப்பா ரிட்டயர் ஆனப்புறம் ஒத்தை விரலால தட்டித் தட்டி எங்க ஊர்க்கதைகளை எழுதிட்டிருந்தார். 2016-ல விண்டோஸ் 7-லேருந்து 10-க்கு இலவசமா அப்கிரேட் பண்ணிக்கலாம்னு இருந்தப்போ, அவர் கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு ஒரு கடைக்குப் போனேன். "அப்கிரேடெல்லாம் வேணாம் சார், புதுசாவே போட்டுத் தர்றேன். டி டிரைவ்ல இருக்கிற எதுவும் போகாது"ன்னாங்க. உண்மைதான், டி-ல இருந்தது எதுவும் போகலை. அப்பா எழுதினதெல்லாம் டெஸ்க்டாப்ல இருந்துச்சு. டெஸ்க்டாப் சி டிரைவ்ல இருக்குன்னு அவங்களும் சொல்லலை, எனக்கும் உறைக்கலை. 'குப்பை'யோட அதுவும் போச்சு.

அப்பா திட்டலை. "பரவால்லடா, திரும்ப எழுதிக்கிறேன்"னார். எழுதவே இல்லை.

புதுசா போடவே கூடாதுன்னு சொல்ல வரலை. வைரஸ் ஊறிப்போன மிஷின், அடுத்தவருக்கு விக்கப்போற மிஷின்னா தாராளமா அடிங்க. 32-பிட் விண்டோஸ் 10 வச்சிருந்தா 11-க்கு அப்கிரேட் வழியே கிடையாது, ஏன்னா 11 வர்றதே 64-பிட்ல மட்டும்தான். ஆனா காய்ச்சலுக்கு முதல்ல மாத்திரை குடுப்பாங்களா, ஆபரேஷன் பண்ணுவாங்களா?

அடுத்த தடவை யாருக்காவது "ஃபார்மட் அடிச்சிடு"ன்னு வாய் வர்றதுக்கு முன்னாடி, "டெஸ்க்டாப்ல என்ன வச்சிருக்கே?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க சாமிகளா.

டிஸ்கி: அப்கிரேட் பண்றவங்களும் முதல்ல பேக்கப் எடுத்துடுங்க. பாதியில கரண்ட் போனா நான் பொறுப்பில்லை!