தாமிரபரணி நெல்லில் உழுபவரின் பங்கு என்ன?

தூத்துக்குடி மாவட்டம் சிவகளை அகழாய்வில் கிடைத்த முதுமக்கள் தாழி ஒன்றில் நெல்மணிகள் இருந்தன. அவற்றின் காலம் பொ.ஆ.மு. 1155 என்று ஆய்வில் தெரியவந்ததை முதல்வர் மு.க.ஸ்டாலின் 2021இல் சட்டமன்றத்தில் அறிவித்தார். தாமிரபரணிக் கரைக்கும் நெல்லுக்குமான உறவு ஏறத்தாழ 3,200 ஆண்டுப் பழமை கொண்டது. வளரும் நாடுகளின் வறுமை தீர நெல் விளைச்சலைப் பெருக்க வேண்டும் என்று பேசுவோர் இந்தப் பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டும். நீரும் நெல்லும் இவ்வளவு காலம் இருந்தும், வயலில் இறங்கிப் பாடுபடுகிறவர் ஏன் இன்னும் கடனை அடைக்க முடியாமல் தவிக்கிறார்?

விளைச்சலுக்குக் குறைவில்லை

கோடைமேலழகியான் முதல் திருவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள், பதினோரு கால்வாய்கள், 86,107 ஏக்கர் பாசனம். பொதிகையில் தென்மேற்குப் பருவமழை பெய்தால் கார் சாகுபடி. வடகிழக்குப் பருவமழைக்குப் பிசான சாகுபடி. 1937இல் தொடங்கப்பட்ட அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986இல் தந்த அம்பை 16 இன்றும் இந்த மண்ணுக்குப் பழகிய ரகம். ஆக, நீரையும் விதையையும் குறை சொல்ல இடமில்லை.

உண்பவரின் பசியைத் தீர்த்ததில் நெல்லுக்குப் பெரும் பங்கு உண்டு. 2011 முதல் ரேஷன் கடையில் குடும்ப அட்டைக்கு விலையில்லா அரிசி கிடைக்கிறது. களத்துமேட்டில் கூலியாக அளந்த நெல்லை நம்பியே ஆண்டை ஓட்டிய குடும்பங்களுக்கு இது சாதாரண மாற்றமல்ல. அதே நெல், விளைவிப்பவரை அந்த அளவுக்குக் கைதூக்கிவிடவில்லை. அதற்கு இரண்டு காரணங்கள்: நிலமும் விலையும்.

பெயரில்லாத உழவர்

இந்த ஆற்றங்கரை நன்செய் நெடுங்காலம் கோயில்கள், மடங்கள், பிராமண, வேளாளக் குடும்பங்களின் கையில் இருந்தது. சேற்றில் இறங்கி உழைத்தவர்களில் பெரும்பாலோர் தேவேந்திரகுல வேளாளர்கள். இன்றும் வாரத்துக்கும் குத்தகைக்கும் உழுகிறவர்கள் ஏராளம். பலருக்கு வாய்மொழி ஒப்பந்தம்தான். குத்தகை உரிமையைப் பதிவுசெய்யத் தமிழ்நாட்டில் 1969லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் நிலத்துக்காரர் மனம் வைக்காமல் குத்தகைக்காரர் தன் பெயரில், பயிர் செய்பவரைக் காட்டும் கிராமக் கணக்கான அடங்கலை வாங்குவது எளிதல்ல. அடங்கல் இல்லாவிட்டால் கூட்டுறவுக் கடனுக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் கொள்முதல் நிலையத்துக்கும் அலைய வேண்டியதுதான். ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமரின் கிசான் திட்டமோ நிலம் வைத்திருப்பவருக்கு மட்டுமே.

2023 டிசம்பர் பெருமழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியபோது, ஆறு கரையை உடைத்துப் பிசான நடவை மண்ணால் மூடியது. அரசு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. நாற்றுக்கும் உரத்துக்கும் கடன் வாங்கியவர் ஒருவர், ஏட்டில் இருக்கும் பெயர் இன்னொருவர் என்றால் அந்தப் பணம் யாரைச் சேரும்?

வியட்நாம் இங்கே நமக்குப் பாடம். கூட்டுப் பண்ணைக் காலத்தில் அரிசித் தட்டுப்பாட்டில் தவித்த அந்த நாடு, 1988இல் நிலத்தை உழவர் குடும்பங்களின் பொறுப்பில் விட்டது. மறு ஆண்டே அரிசியை ஏற்றுமதி செய்யத் தொடங்கியது. நிலத்தின் மீதான பிடி கையில் வந்ததும் உழைப்பின் பலனும் குடும்பத்துக்கே வந்தது. நாட்டின் வறுமையும் மளமளவென இறங்கியது.

ஈரப்பதம் என்னும் தடை

கார் அறுவடை முடிகிற நேரத்தில் வடகிழக்குப் பருவமழை வாசலுக்கு வந்துவிடும். உலர்களம் இல்லாத ஊர்களில் நெல்லைத் தார்ச்சாலையில் கொட்டிக் காலால் கிளறுகிறார்கள். மேகம் கறுத்தால் கூட்டிக் குவித்துத் தார்ப்பாய் போடுகிறார்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் தளர்வு ஆணை வரும்வரை எடை போடமாட்டார்கள். குத்தகை நெல்லும் அறுவடை இயந்திர வாடகையும் உடனே கொடுத்தாக வேண்டிய உழவரால் காத்திருக்க முடியாது. வியாபாரி சொல்லும் விலைக்குத் தள்ளிவிடுகிறார்.

2025-26 பருவத்தில் தமிழ்நாடு அரசின் ஊக்கத்தொகையோடு சேர்த்துப் பொது ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,545 ரூபாய். குண்டு அரிசியான அம்பை 16க்குப் பொது ரக விலைதான். ஏக்கருக்கு 24 குவிண்டால் விளைந்து, வியாபாரியிடம் குவிண்டாலுக்கு 250 ரூபாய் குறைத்து விற்றால் ஏக்கருக்கு இழப்பு 6,000 ரூபாய். கிசான் திட்டம் ஓராண்டு முழுவதும் தரும் தொகை ஒரே அறுப்பில் போய்விடுகிறது.

கூலிக்காரர் கணக்கு

வட ஆற்காட்டில் பசுமைப் புரட்சியின் விளைவுகளைப் பத்தாண்டு இடைவெளியில் ஆராய்ந்த பீட்டர் ஹேசலும் சி.ராமசாமியும், விளைச்சல் பெருகியபோது நிலமற்றவர்களும் பயனடைந்ததைக் கண்டார்கள். உழவரிடம் புழங்கிய பணம் உள்ளூர்க் கடைக்கும் தொழிலுக்கும் பாய்ந்ததும் அதற்கு ஒரு காரணம். ஆனால் இன்று அறுப்பு இயந்திரம் வந்த பிறகு பெண்களின் அறுவடைக் கூலி பெருமளவு மறைந்துவிட்டது. இயந்திரத்தைத் தடுப்பது தீர்வல்ல. நடவு இயந்திரம், விதை நெல் உற்பத்தி, சிறு அரிசி ஆலை ஆகியவற்றைப் பெண்கள் சுயஉதவிக் குழுக்களிடம் ஒப்படைத்தால், நெல்லின் மதிப்பில் ஒரு பங்கு ஊரிலேயே தங்கும்.

அரசு செய்ய வேண்டியவை தெளிவானவை. நிலத்துக்காரரின் உரிமைக்குப் பங்கம் வராமல், ஒவ்வொரு பருவத்திலும் உண்மையில் பயிர் செய்பவரின் பெயரைக் கிராம நிர்வாக அலுவலர் நேரில் பார்த்துப் பதிய வேண்டும். கோயில் நிலங்களில் அரசே இதைத் தொடங்கலாம். கார், பிசானம் இரண்டுக்கும் அறுவடைக்கு முன்பே கொள்முதல் நிலையங்கள் திறக்கப்பட வேண்டும். அவற்றோடு கூரையுள்ள உலர்களமும் உலர்த்தும் இயந்திரமும் வேண்டும். விளைச்சலைப் பெருக்கும் திட்டங்களுக்கு நம்மிடம் பஞ்சமே இருந்ததில்லை. விளைந்ததில் உழைத்தவருக்கு உரிய பங்கை உறுதிசெய்யும் திட்டம்தான் வறுமை ஒழிப்புத் திட்டம்.