கஷாயம் மட்டும் காவலாகுமா?

பெங்களூரு நகரின் வடகிழக்கில் அமைந்த லிங்கராஜபுரத்தில் ஆனி முதல் ஐப்பசி வரை மழையும், மார்கழி, தை மாதங்களில் குளிரும் மிகுந்திருக்கும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள நகரம் ஆதலால், தமிழ்நாட்டின் சமவெளி ஊர்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களுக்குக் குளிர் பழகுவதற்கு முன்பே சளி பழகிவிடுகிறது. அக்காலத்தில் வீடுதோறும் சுக்கும் மிளகும் திப்பிலியும் இடிக்கப்படுகின்றன. தொட்டியில் வளர்ந்த கற்பூரவல்லி இலை கொதிநீரில் இடப்படுகிறது. அடுத்த வீட்டுக் கன்னடக் குடும்பத்தில் அவ்விலைக்குத் தொட்டபத்ரே என்று பெயர். மிளகு ரசத்திற்கு மெணசின சாறு என்று பெயர். மொழி வேறாயினும் கைமருந்து ஒன்றே.

இம்மரபு போற்றத்தக்கது. ஆனால், "கஷாயம் குடித்தாயிற்று, இனி நோய் அண்டாது" என்னும் நம்பிக்கை போற்றத்தக்கதன்று. கஷாயம் செய்யக்கூடியது எது, செய்ய இயலாதது எது என்று அறிந்து பயன்படுத்துவதே அறிவுடைமை.

சளியைத் தருவது குளிர் அன்று. வைரஸ் என்னும் நுண்ணுயிரியே. சாதாரணச் சளியைப் பெரும்பாலும் உண்டாக்கும் ரைனோவைரஸில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. ஃபுளூக் காய்ச்சலை உண்டாக்குவது இன்ஃபுளுவென்சா வைரஸ். மழைக்கும் குளிருக்கும் அஞ்சிக் கதவுகளைச் சாத்திக்கொண்டு பலர் ஓரறையில் நெருங்கி இருக்கும்போது, இவை ஒருவரிடமிருந்து மற்றவருக்கு எளிதில் பரவுகின்றன. இவற்றை எதிர்த்து நிற்கும் ஆற்றல், குடத்தில் நீர் நிரப்புவதுபோல ஒரே நாளில் நிரப்பக்கூடியதன்று. உணவாலும் உறக்கத்தாலும் தூய்மையாலும் நாள்தோறும் பேணப்படுவது அது.

அவ்வாறாயின் கஷாயத்தால் பயன் இல்லையா? உண்டு. வெதுவெதுப்பான நீர் தொண்டையின் எரிச்சலைத் தணிக்கிறது. நோயுற்ற உடலுக்கு வேண்டிய நீரையும் தருகிறது. ஒரு வயதைக் கடந்த குழந்தைகளின் இருமலைத் தேன் ஓரளவு தணிக்கிறது. ஒரு வயதிற்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் தருவது தீங்காகும். மஞ்சள்பாலில் மிளகுத்தூள் சேர்க்கும் வழக்கத்தோடு தொடர்புடைய ஆய்வு ஒன்று பெங்களூரிலேயே நடந்துள்ளது. மஞ்சளில் உள்ள குர்குமின் என்னும் பொருள் தனியே உட்கொள்ளப்படும்போது மிகக் குறைவாகவே இரத்தத்தில் சேர்கிறது. மிளகில் உள்ள பைப்பரினைச் சிறிதளவு சேர்த்தால், அது சேரும் அளவு பன்மடங்கு பெருகுகிறது என்பதைத் தூய யோவான் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டினர். எனினும், அவர்கள் அளந்தது இரத்தத்தில் சேரும் அளவையே. சளி வராமல் தடுக்கும் ஆற்றலை அன்று. இவ்வேறுபாட்டை மறைத்துத்தான் பல விளம்பரங்கள் எதிர்ப்பாற்றலைப் புட்டியில் அடைத்து விற்கின்றன.

வைட்டமின் சி மாத்திரையின் கதையும் இத்தகையதே. பல ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, அதை நாள்தோறும் உட்கொண்டாலும் பொதுமக்களுக்குச் சளி வருவது குறைவதில்லை என்று கண்டது. வந்த சளி நீடிக்கும் காலம் மட்டும் சிறுவர்க்கு ஏறத்தாழ 14 விழுக்காடு குறைந்தது. ஆதலால் நெல்லிக்காயையும் கொய்யாவையும் நல்ல உணவாக உண்ணலாம். அவற்றை மாயக் கவசமாக எண்ணலாகாது.

விலையின்றிக் கிடைக்கும் காவல் ஒன்று உண்டு. அதையே பலரும் எளிதில் இழக்கின்றனர். அது உறக்கம். 2009இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், உடல்நலமுள்ள 153 பேரின் மூக்கில் சளி வைரஸ் கலந்த நீர் விடப்பட்டது. நாளொன்றுக்கு 7 மணிநேரத்திற்கும் குறைவாக உறங்கியவர்கள், 8 மணிநேரமோ அதற்கு மேலோ உறங்கியவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுதியாகச் சளிக்கு ஆளாயினர். 6 முதல் 12 வயது வரையுள்ள சிறுவர்க்கு 9 முதல் 12 மணிநேர உறக்கம் வேண்டும். இரவு பதினொரு மணிவரை கைப்பேசி பார்த்துவிட்டு, காலையில் கஷாயம் குடிக்கும் மாணவர் தம் காவலரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பூட்டை மட்டும் மெருகேற்றுகிறார்.

காற்றோட்டமும் ஒரு காவலே. லிங்கராஜபுரத்திற்கு அண்மையில் உள்ள பிரேசர் டவுன் இதற்குச் சான்று. 1898இல் பெங்களூரைப் பிளேக் நோய் தாக்கியது. அதன் பின்னர், நெரிசல் மிகுந்த கண்டோன்மென்ட் தெருக்களுக்கு மாற்றாக அகன்ற சாலைகளும் காற்றோட்டமுள்ள வீடுகளும் கொண்டு உருவாக்கப்பட்ட பகுதி அது. பிளேக், எலிகளின் மேலுள்ள தெள்ளுப்பூச்சியால் பரவுவது. சளியோ மூச்சாலும் கையாலும் பரவுவது. ஆயினும், உடல்நலம் என்பது ஒருவர் குடிக்கும் குவளையில் மட்டும் அடங்குவதன்று, அவர் வாழும் அறையையும் தெருவையும் சார்ந்தது என்னும் உண்மை இரண்டிற்கும் பொது. பகலில் சன்னலைத் திறந்து வைப்பதும், சோப்பிட்டுக் கை கழுவுவதும், காய்ச்சலுள்ள நாளில் பள்ளிக்குச் செல்லாதிருப்பதும் தமக்கு மட்டுமன்றிப் பிறருக்கும் செய்யும் நன்மைகளாம்.

"தடுப்பூசி இயற்கையானதன்று, கஷாயமே இயற்கை" என்று கூறுவோர் உளர். தடுப்பூசி நோயைத் தானே எதிர்ப்பதில்லை. பகைவனின் அடையாளத்தை உடலுக்கு முன்கூட்டியே காட்டுகிறது. எதிர்த்து நிற்பது உடலின் இயல்பான ஆற்றலே. ஃபுளூ வைரஸ் தன் உருவை மாற்றிக்கொண்டே இருப்பதால், அதற்குரிய ஊசி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. மருத்துவரின் அறிவுரைப்படி அதைப் போட்டுக்கொள்வது மரபைத் துறப்பதாகாது. கொரோனா பரவிய 2020இல் தமிழக அரசு மக்களுக்குக் கபசுரக் குடிநீர் வழங்கியது. அவ்வரசே முகக்கவசத்தையும் இடைவெளியையும் வலியுறுத்தியது. 2021இல் ஊர்தோறும் தடுப்பூசியும் போட்டது. குடிநீரை வழங்கியவர்களே குடிநீரோடு நின்றுவிடவில்லை.

இவ்வாறு ஆராய்வது மூத்தோரை அவமதிப்பதாகுமா? ஆகாது. திருக்குறளின் 95ஆம் அதிகாரத்தின் பெயர் மருந்து. ஆயினும் அதில் எந்த மூலிகையின் பெயரும் இல்லை. அளவறிந்து உண்ணும் முறையையே அது பெரிதும் கூறுகிறது. பின்னர், நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்து மருத்துவம் செய்யவேண்டும் என்கிறது. காரணத்தை ஆராய்வதும் தமிழர் மரபே.

ஆராயாமல் நம்புவதால் வரும் கேடு சிறியதன்று. மூச்சுத் திணறல், மூன்று நாளுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சல், நீர்கூடக் குடிக்க இயலாத சோர்வு ஆகியவை தோன்றினால் கஷாயத்தை நம்பிக் காத்திருத்தல் கூடாது. உடனே மருத்துவரை நாடவேண்டும். வைரஸால் வந்த சளிக்கு ஆன்டிபயாடிக் மாத்திரையைத் தாமே வாங்கி விழுங்குவதும் தவறு. அம்மாத்திரை பாக்டீரியாவை மட்டுமே அழிக்கும்.

பாட்டி தரும் மிளகுக் கஷாயத்தில் தொண்டைக்கு இதமும் மனத்திற்கு ஆறுதலும் உண்டு. பிறந்த ஊரின் மணமும் உண்டு. அதற்கு உரிய இடம் இதுவே. உறக்கம், உணவு, காற்று, தூய்மை, தடுப்பூசி ஆகியவற்றின் வேலையையும் அதன் தலையில் சுமத்தினால் உடலும் நலிவுறும். நாளடைவில் மரபின் மீதுள்ள மதிப்பும் குன்றும். ஆதலால் கஷாயத்தை விரும்பிக் குடிப்போர், அன்றிரவு உரிய நேரத்தில் உறங்கவும் செல்வாராக.